கருப்பு நல்லா வந்திருக்குது

அந்தச் சாம்பிள் பிரிண்டை இங்க வெச்சுப் பாக்காதீங்க சார். இந்த டியூப்லைட்டுக்கடியில எந்தப் படமும் நல்லாத்தான் தெரியும். வாசப்படி வரைக்கும் வாங்க, வெயில்ல காட்டுங்க. பாத்தீங்களா? உள்ள சாம்பலா இருந்துச்சு, வெளிய வந்ததும் ரோஸ் பவுடர் பூசுன மாதிரி ஆயிருச்சு பாருங்க. கருப்பு வெள்ளைன்னு கடைக்காரர் சொல்லுவார். கலர் மையெல்லாம் கலந்து கருப்பு மாதிரி காட்டறதுங்க அது. மிசின் மேல தப்பில்ல. அது பில்லு போடறதுக்குன்னு பொறந்தது, அதைக் கொண்டு போய் மொகத்தைப் போடச் சொன்னா என்ன பண்ணும்?

உக்காருங்க. அவர் குடோனுக்குப் போயிருக்கார், இப்பத்திக்கு வரமாட்டார். நீங்க அவர்கிட்டக் கேட்டது காதுல விழுந்துச்சு, அதான் பேசறேன். வீட்ல வெச்சுக் கருப்பு வெள்ளைப் படம் போட எந்த பிரிண்டர் நல்லது, எதுல கருப்பு நல்லாக் கருப்பா வரும்? நல்ல கேள்விங்க. என்னை விட இதுக்குப் பதில் தெரிஞ்சவன் இந்தக் கோயமுத்தூர்ல கெடையாது. ஒருத்தர் இருக்கார். அவரைப் பத்தித்தான் சொல்ல வர்றேன்.

பல் டாக்டர் ஜோதிவேல். தங்கமான மனுசன். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்பறம் இந்த வெள்ளியங்கிரி பொறாமையில பேசறான்னு நெனச்சுக்கக் கூடாது பாருங்க. எனக்கென்னங்க பொறாமை? நான் பம்ப்செட் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கறவன், அவர் பல்லுப் புடுங்கறவர். ஒரே போட்டோ கிளப்புல இருக்கறோம், அவ்வளவுதான். எங்க கிளப்புல ஒரு வழக்கம். வருசத்துக்கு ஒரு கண்காட்சி, கருப்பு வெள்ளை மட்டும். அவங்கவங்க வீட்ல அவங்கவங்க கையால பிரிண்ட் போட்டுக் கொண்டாரணும். கடையில குடுத்துப் போட்ட படம் செவத்துல ஏறாது. இன்னொரு வழக்கம், படத்துல யார் இருக்கறாங்களோ அவங்க கேட்டா ஃபைலைக் குடுத்தாகணும். நல்ல வழக்கந்தான். யார் கொண்டாந்ததுன்னு நெனைக்கறீங்க? அவர்தான்.

எதைச் செஞ்சாலும் அவர்தான் மொதல்ல செஞ்சிருப்பார். நான் ஒரு லென்ஸ் வாங்கிட்டுப் போனா, 'அருமையான லென்சுங்க, நானும் முந்தி வெச்சிருந்தேன்'ம்பார். முந்தி! கேட்டா நல்ல வார்த்தைதான். வயித்துக்குள்ள போய்த்தான் அது வேலையைக் காட்டும்.

போன தை மாசம் கிளப்புல எல்லாரும் கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு ஆலைக்கொட்டாய்க்குப் போனோம். கரும்பைப் புழிஞ்சு வெல்லம் காச்சுவாங்களே, அது. உள்ள போனீங்கன்னா ஒரே இருட்டு. கொப்பரையிலருந்து ஆவி, அடுப்புலருந்து பொகை. கூரையில ஓட்டை இருக்கற எடத்துல மட்டும் வெயில் கம்பி கம்பியா எறங்கும். படம் எடுக்கறவனுக்கு அதை விட என்ன வேணும்? 'நானும் வர்றனுங்க, சூடா வெல்லம் தின்னு எத்தனை நாளாச்சு'ன்னு எங்கூட்டுக்காரி பூங்கொடியும் கெளம்புனா. சரி வான்னு கூட்டிட்டுப் போனேன்.

அங்க நான் என் பாட்டுக்கு வேலையைப் பாத்தேன். டாக்டர் எங்க நிக்கறார், எந்தப் பக்கம் காமிராவைத் திருப்பறார்னெல்லாம் நான் பாக்கறதேயில்ல. ஆனா வெளிச்சம் நல்லா இருக்கற எடம் ஒண்ணு ரெண்டுதானுங்களே இருக்கும்? அவர் போற எடத்துக்கு நானும் போற மாதிரி ஆயிரும். அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?

பங்குனியில கண்காட்சி. நான் கொப்பரைப் படம் ரெண்டு வெச்சிருந்தேன். எங்க வீட்டு பிரிண்டர்ல போட்டது, ஒரு மாதிரி பச்சையடிச்சுட்டு இருந்துச்சு. பரவால்ல, யார் பாக்கப் போறான்னு விட்டுட்டேன். நடு செவத்துல டாக்டர் படம். பெருசு. பெரிய டீ டிரே அகலம் இருக்கும். அதைச் சுத்திக் கூட்டம்.

போய்ப் பாக்கறேன். பூங்கொடி சிரிக்கறா.

சார், எனக்கு அவளைக் கட்டி முப்பது வருசம் ஆவுது. அந்தச் சிரிப்பை நான் பாத்ததேயில்ல. பல்லெல்லாம் தெரிய, கண்ணு சுருங்கி, கையில வெல்லத்தை வெச்சுட்டு, மொகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிட்டு அப்படி ஒரு சிரிப்பு. மொகத்துல பாதி வெயிலு. பின்னாடி எல்லாம் கருங்கும்முனு இருட்டு. காமிராவைப் பாக்கல. அதுதான் என்னைப் போட்டுத் தள்ளிருச்சு. டாக்டர் என்னமோ சொல்லியிருக்கார், இவ வெக்கப்பட்டு மொகத்தைத் திருப்பிட்டா. இல்லீனா எதுக்கு ஒரு பொம்பளை அப்படித் திரும்பிச் சிரிக்கறா? ஊர்ல எல்லாரையும் வாயைத் தெறக்க வெக்கறதுதான அவர் தொழிலு!

அரை நிமிசம் நின்னிருப்பேன், அதுக்கு மேல நிக்க முடியல. கிளப்புக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து படத்தைப் பாக்கறது, என்னைப் பாக்கறது, சிரிக்கறது. ஒருத்தர் என் தோளைத் தட்டி, 'அருமையா இருக்கறீங்க போங்க'ங்கறார். எவ்வளவு குசும்பு பாருங்க. இருக்கறது அவ, என்னைப் போய் அருமையா இருக்கறீங்கன்னா என்ன அர்த்தம்? பூங்கொடி பக்கத்துல வந்து நின்னு மெதுவா, 'எப்படிங்க இருக்குது?'ன்னா. வாயெல்லாம் சிரிப்பு அவளுக்கு. நான் சொன்னேன், 'கருப்பு நல்லா வந்திருக்குது.'

அவ அடுத்த படத்தைப் பாக்கப் போயிட்டா.

உண்மையைத்தானுங்களே சொன்னேன்! அந்தக் கருப்பு அப்படி. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, எல்லாம் பிரிண்டர் பண்ற வேலை. எங்கிட்ட அந்த பிரிண்டர் இருந்தா அந்தப் படத்தை நான் அதை விட நல்லாப் போடுவேன். போட்டு எங்க ஹால்ல மாட்டுவேன். எம் பொண்டாட்டி படம் எங்கூட்டுல இருக்கறதை விட்டுட்டு அந்தாள் செவத்துல எதுக்கு இருக்கோணும்? டாக்டர்கிட்ட ஃபைல் கேட்டேன். அவர் போட்ட சட்டந்தான, குடுக்காம இருக்க முடியுமா? பென் டிரைவைக் கையில வெச்சு, 'தாராளமாங்க, இது உங்க ரெண்டு பேர் படந்தான'ன்னார். பெருந்தன்மை! என்ன பிரிண்டர் வெச்சிருக்கீங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். செத்தாலும் அவன்கிட்டப் போய் அதைக் கேக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய பிரிண்டர்லயே போட்டுப் பாத்தேன். பூங்கொடி எட்டிப் பாத்துட்டு, 'ஏனுங்க, தொட்டித் தண்ணியில பாசி புடிச்ச மாதிரி இருக்கறேன்'னா. ஜன்னல் பக்கம் கொண்டு போனா பாசி போயி, செவப்பு வந்துருது. சரி, கருப்பு மை மட்டும் போதும்னு செட்டிங்கை மாத்திப் போட்டேன். கன்னமெல்லாம் ரவை கொட்டி வெச்ச மாதிரி புள்ளி புள்ளியா வருது. இருக்கறது ஒரே கருப்பு, அதை வெச்சுச் சாம்பல் வேணும்னா அது புள்ளியைத் தள்ளித் தள்ளித்தான் வெக்கும். இதெல்லாம் அப்பத் தெரியாது.

இந்தக் கடைக்கு வந்தேன். 'எதுல கருப்பு ரொம்பக் கருப்பா வரும்?'னு கேட்டேன். அங்கதானுங்க தப்பு. எல்லாரும் அதைத்தான் கேக்கறோம். நீங்களும் அதைத்தான கேட்டீங்க? கடைக்காரர் ஒண்ணை எடுத்துக் குடுத்தார். ஆறு மை, பளபளன்னு பேப்பர். போட்டேன். அப்பா! என்ன கருப்பு! தார் ரோட்டுல மழை பேஞ்ச மாதிரி மின்னுது. டாக்டர் படத்துல கூட அவ்வளவு கருப்பு இல்ல. அவர்துல ஒரு மாதிரி பொகையடிச்ச கருப்புதான். செயிச்சாச்சுன்னு நெனச்சேன். சமையக்கட்டுக்கே எடுத்துட்டுப் போயி அவகிட்டக் காட்டுனேன்.

அவ கையைத் தொடச்சுட்டு வாங்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்பறம் அந்த இருட்டு மேல வெரலை வெச்சு, 'இங்க ஒண்ணுமே இல்லீங்களே?'ன்னா. நான், 'ஒண்ணும் இல்லாம இருந்தாத்தான் அதுக்குப் பேரு கருப்பு'ன்னேன். அவ படத்தை மேடை மேல வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

அன்னையிலருந்து வீட்ல சத்தமே இல்லீங்க. முந்தியெல்லாம் டிவியைப் பாத்துத் தானாச் சிரிப்பா, போன்ல அவ தங்கச்சிகூடப் பேசிச் சிரிப்பா, நான் கண்ணாடியை நெத்தியில வெச்சுட்டே கண்ணாடியைத் தேடுனா அதுக்கொரு சிரிப்பு. எல்லாம் நின்னு போச்சு. கிளப்புக் கூட்டத்துக்குக் கூப்புட்டா, 'நீங்க போயிட்டு வாங்க, எனக்கெதுக்கு'ங்கறா. சோறு போடறா, தண்ணி வெக்கறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. சிரிப்பு மட்டும் இல்ல. எனக்கு என்ன தோணும் சொல்லுங்க? குத்தமுள்ள மனசு குறுகுறுங்குதுன்னு நெனச்சேன். சிரிப்பெல்லாம் எங்கேயோ தீந்து போச்சு, இங்க சிரிக்க மிச்சமில்லைன்னு நெனச்சேன். நானும் பேசறதைக் கொறச்சுக்கிட்டேன். கடையில உக்காந்து பம்ப் வாசரை எண்ணறப்பக் கூட அந்தப் பல்லுத்தான் கண்ணு முன்னாடி வரும். ராத்திரி தூக்கம் கெடையாது, பகல்ல பசி கெடையாது. ஒரு படம் சார். ஒரு படம் இந்தப் பாடு படுத்துச்சு.

ஆடியில அந்தப் புது பிரிண்டரும் கோடு கோடா அடிக்க ஆரம்பிச்சுருச்சு. வாரத்துக்கு ஒரு படமாவது போடணுங்க, சும்மா வெச்சீங்கன்னா மை காஞ்சு அடைச்சுக்கும். ஞாபகம் வெச்சுக்குங்க. எனக்கு அந்தப் படத்தைத் தவிர வேற எதையும் போடப் புடிக்கல, அதையும் போடப் புடிக்கல. அப்படியே கெடந்துச்சு. நான் அதைக் கழட்டி வெச்சுட்டு மண்டையை ஒடச்சுட்டு இருக்கறேன், பூங்கொடி வந்து நின்னா. 'டாக்டர் என்ன பிரிண்டர் வெச்சிருக்கார்னு கேட்டாத்தான் என்னங்க?'ன்னா. அவ அப்படியே போனை எடுத்தா, 'ஏனுங்க டாக்டர், நான் வெள்ளியங்கிரி வீட்லருந்து பேசறேன்'னா, கேட்டா, பால் கணக்கு எழுதற காலண்டர்ல எழுதி வெச்சுட்டுப் போயிட்டா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? 'அவர் நம்பர் உனக்கெப்படித் தெரியும்?'னு கேட்டேன். 'உங்களுக்குப் பல்லு வலி வந்தப்ப யாருங்க கூட்டிட்டுப் போனா?'ங்கறா. அதுவும் சரிதான். இருந்தாலும் சொல்றேன், மனப்பாடமாத் தெரியறதுக்கும் போன்ல இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதில்லீங்களா? போன்லதான் இருந்துச்சு. நான் பாத்தேன்.

வாங்கிட்டேன். அதோ மேல இருக்குது பாருங்க, அந்தப் பெரிய பெட்டி. அதோட சூட்சுமம் இதுதானுங்க. அதுல கருப்பு ஒண்ணு, கெட்டிச் சாம்பல் ஒண்ணு, இளஞ்சாம்பல் ஒண்ணுன்னு தனித்தனியா மை. மொகத்துக்குக் கலர் மையைக் கடன் வாங்கவே வேண்டியதில்ல, அதனால பச்சையும் அடிக்காது, செவப்பும் அடிக்காது. பேப்பரும் பளபளா இல்ல, செவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மங்கலா இருக்கும். கருப்பு அதுல கொஞ்சம் கம்மிதான். ஆனா கருப்புக்குள்ள என்ன இருக்குதுங்கறதைக் காட்டும். கெட்டிக் கருப்பு வேணும்னா தார் டின்னு வாங்கிக்கலாம், எதுக்கு பிரிண்டர்?

போட்டேன். மத்தியானம், பூங்கொடி உள்ள துணி மடிச்சுட்டு இருந்தா. அது மெதுவாத்தாங்க வரும். மேலருந்து ஒரு நூல் ஒரு நூலா எறங்கும். பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். மொதல்ல கூரை வந்துச்சு. ஓலை தனித்தனியாத் தெரியுது. பொகை வந்துச்சு. பொகைக்குப் பின்னாடி, எடது பக்கம், நான் இத்தனை மாசமா வெறும் இருட்டுன்னு நெனச்ச எடத்துல என்னமோ சாம்பலா ஒண்ணு வருது. பேப்பர்ல கறை போலன்னு நெனச்சேன். கறை எறங்க எறங்க மண்டை ஆச்சு. வழுக்கை மண்டை. நெத்தி. நெத்தியில தூக்கி விட்ட கண்ணாடி. கீழ, ரெண்டு கையில புடிச்ச காமிரா.

நானுங்க அது!

கொப்பரைக்கு அந்தப் பக்கம், இருட்டுல, பாதி குனிஞ்சுட்டு நிக்கறேன். பிரிண்டர் என் கால் வரைக்கும் எறங்கறதுக்குள்ள வலது பக்கம் பூங்கொடி மொகம் வருது. கண்ணு வந்துச்சு. அந்தக் கண்ணு நேரா எங்க போகுதுன்னு வெரலை வெச்சுக் கோடு போட்டுப் பாத்தேன். எங்கிட்ட வந்து முடியுது. வெக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ என்னைப் பாத்துச் சிரிக்கறா.

நான் ஸ்டூல்ல உக்காந்த மாதிரியே இருக்கறேன். அவ வந்து பின்னாடி நின்னது தெரியல. 'இப்பத்தான் உங்களைப் போடறதுக்கு மனசு வந்துச்சுங்களா?'ன்னு குரல் கேக்குது.

'என்ன சொல்ற?'ன்னேன்.

'கண்காட்சியிலயே பாத்தனுங்களே. எல்லாரும் பாத்தாங்க. நான் சிரிச்சதுக்கு நீங்க கோவிச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். அப்பறம் உங்களை மட்டும் கருப்படிச்சு அழிச்சுட்டு, எங்கிட்டயே கொண்டாந்து காட்டுனீங்க. ஒண்ணும் இல்லாம இருந்தாத்தான் கருப்புன்னு சொன்னீங்க. எனக்கு உசுரே போயிருச்சு. இந்த மனுசன் முன்னாடி இனிச் சிரிக்கவே கூடாதுன்னு இருந்துட்டேன்.'

'நான் அழிக்கல அம்மணி. பிரிண்டருக்குத் தெரியல.'

'பிரிண்டருக்குத் தெரியல, சரி. அத்தனை பெருசா மாட்டி வெச்சிருந்தாங்களே, உங்களுக்குமா தெரியல?'

கண்ணாடி போட்ட ஃபிரேம், லைட்டு அடிச்சுச்சு, தூரமா நின்னேன்னு என்னமோ சொன்னேன். அப்பறம் கேட்டேன், 'அன்னைக்கு என்னத்தைக் கண்டு அப்படிச் சிரிச்ச?'

'டாக்டர் குனிஞ்சா நீங்களும் குனியறீங்க. அவர் நிமுந்தா நீங்களும் நிமுர்றீங்க. அவர் இந்தப் பக்கம் சாஞ்சா அங்க நீங்களும் சாயறீங்க. பொகை ஏறிக் கண்ணுல தண்ணி ஊத்துது, அதைக் கூடத் தொடைக்காம அவரையே பாத்துட்டு நிக்கறீங்க. பாவமாவும் இருந்துச்சு, சிரிப்பாவும் வந்துச்சு. சரி, நமக்குன்னு வாச்ச மனுசன் இதுதான்னு நெனச்சேன். சிரிச்சுட்டேன்'னு சொன்னா. சொல்லிட்டுத் துணி மடிக்கப் போயிட்டா.

நான் அப்படியெல்லாம் யாரையும் பாத்துட்டு நிக்கற ஆளில்லீங்க. சந்தேகத்துக்கு என் காமிராவுல அன்னைக்கு எடுத்ததையெல்லாம் ஓட்டிப் பாத்தேன். அந்த நேரத்துக்கு நான் எடுத்தது இருக்குது. டாக்டர் குனிஞ்சு லென்சைத் தொடைக்கறார். அடுத்தது, டாக்டர் ஸ்டேண்டைத் தூக்கறார். அடுத்தது, டாக்டர் முதுகு. முழுக்கத் தேடிட்டேன். பூங்கொடி ஒண்ணுல கூட இல்ல. ஒரு ஓரத்துல சேலை முந்தி கூட இல்ல.

படம் இப்ப ஹால்ல இருக்குது. நல்லா வந்திருக்குது. வீட்ல பேச்சும் வந்துருச்சு, டிவியைப் பாத்துச் சிரிக்கறா, தங்கச்சிகூடச் சிரிக்கறா. நான் காமிராவை எடுத்துட்டுப் பக்கத்துல போய் உக்காந்தேன்னா மட்டும் சட்டுன்னு நின்னுருது. முந்தியைச் சரி பண்ணிட்டு, வாயை மூடிட்டு, ரேசன் கார்டுக்கு நிக்கற மாதிரி நிக்கறா. காமிரா இல்லாமச் சும்மா பாத்தாலும், 'என்னத்துக்குங்க இப்படி உத்து உத்துப் பாக்கறீங்க?'ங்கறா.

அந்தப் பெரிய பெட்டியவே எடுத்துக்குங்க சார். கண்ணை மூடிட்டு வாங்கலாம். டாக்டரும் அதுதான் வெச்சிருக்கார்.

சிரிக்கறீங்க. பொறாமை போயிருச்சான்னு கேக்கத் தோணுது உங்களுக்கு, அதானுங்களே? போகலீங்க. முந்தியை விட இப்பத்தான் சாஸ்தி. முந்தி, அவரைப் பாத்து இவ சிரிச்சுட்டாளேன்னு எரிஞ்சுது. இப்ப, என்னைப் பாத்து இவ அப்படிச் சிரிப்பாங்கறதே எனக்குத் தெரியாமப் போச்சு. இந்த முப்பது வருசத்துல நான் வேற எங்கேயோ பாத்துட்டு இருந்தப்ப இன்னும் எத்தனை தடவை சிரிச்சாளோ. ஒண்ணையும் நான் பாக்கல. ஒரே ஒரு நாள் எங்ககூட வந்தவன் அந்த டாக்டர், அவன் பாத்துட்டான்.